பத்தொன்பதாவது குழந்தையின் இடது கை

அன்று அந்த அறையில் ஏழு பேர் இருந்தோம். யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் வேறொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இந்த விஷயம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

நீள மேசையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, குழுத் தலைவர் டாக்டர் கோமதிநாயகம். அவருக்கு வலப்பக்கம், இந்த மருந்து ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ரெபேக்கா. அவருக்கு அடுத்து, குழந்தைகளின் கைகளைச் சோதித்து மதிப்பெண் போடும் மகாராஜன். எதிர் வரிசையில் வழக்கறிஞர் ஹபீப். அவர் பக்கத்தில் இசக்கி. இசக்கிக்கு இடப்பக்கம் நான். இசக்கியின் அம்மா செல்வக்கனியையும் மேசைக்கு அழைத்தார்கள். அவள் வரவில்லை. கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள். திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால்.

என் பெயர் பாக்கியத்தாய். அரசு அலுவலகம் ஒன்றின் கடிதப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். மனிதர்கள்மீது மருந்தைச் சோதிக்கிற இடத்தில் ஒரு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும்; அந்தக் குழுவில் மருத்துவமும் சட்டமும் தெரியாத ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவர் நான். படிவங்களைப் படித்துப் பார்த்து, நம் பக்கத்து ஜனங்களுக்கு இது புரியுமா, ஒத்துவருமா என்று சொல்வதுதான் எனக்கு இட்ட வேலை. சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு இது பெரிய மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இசக்கிக்குப் பத்து வயது. சங்கரன்கோவில் பக்கம். பிறவியிலேயே அவளுக்குக் கண்ணாடிக் கை. வலது கை எதைச் செய்தாலும் இடது கையும் அதே நொடியில், கண்ணாடிக்குள் தெரிகிற கை மாதிரி, அதையே செய்யும். வலது கை நோட்டில் எழுதினால் இடது கை காற்றில் எழுதும். தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாது. பிடித்துக்கொள்ள வேண்டிய கையும் சேர்ந்து திருகும். சாப்பிடும்போது இடது கையும் வாய்க்கு வந்துவிடுகிறது என்று அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்காரப் பழக்கியிருந்தார்கள். செல்வக்கனியின் அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்ததாம். செல்வக்கனிக்கு இல்லை. அவள் விசைத்தறிக் கூடத்தில் அறுந்த நூலை முடிச்சுப் போடுகிறவள். இரண்டு கையும் இரண்டு வேலை செய்யாவிட்டால் அந்தப் பிழைப்பே கிடையாது. அவளைத் தொடாமல் தாண்டி மகளிடம் வந்து நின்றிருக்கிறது.

ஹபீப் குழுவுக்குப் புதியவர். இது என்ன நோய் என்று அவர் கேட்டதற்கு ரெபேக்கா பொறுமையாகச் சொன்னார்.

"மூளையிலேருந்து கைக்குப் போற நரம்பு இழையெல்லாம், வயித்துல பிள்ளையா இருக்கும்போதே நடுக்கோட்டத் தாண்டி எதிர்ப்பக்கம் போகணும் சார். வலது மூளை இடது கைக்கு, இடது மூளை வலது கைக்கு. நடுக்கோட்டுல நின்னு 'இங்க வா, தாண்டு'ன்னு கூப்பிடுறதுக்குன்னு ஒரு மரபணு இருக்கு. இந்தக் குடும்பங்கள்ல அந்தக் குரல் பாதிதான் கேக்குது. பாதி இழை தாண்டும், பாதி தாண்டாது. ஒரே கட்டளை ரெண்டு கைக்கும் போயிடும்."

முதல் ஊசி அந்தக் குரலை மறுபடி கேட்க வைக்கும். தப்பான இடத்தில் பிடித்திருக்கும் இழைகள் பிடியை விட்டுவிட்டுச் சரியான வழியைத் தேடிப் போகும். நாற்பதாம் நாள் போடுகிற இரண்டாம் ஊசி பூட்டு மாதிரி. எது எங்கே இருக்கிறதோ அங்கேயே நிறுத்திவிடும். அதைப் போடாவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வீட்டைப் பூட்டாமல் ஊருக்குப் போன கதையாகிவிடும் என்று ஹபீப் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

பத்தொன்பது குழந்தைகள் இந்தச் சோதனையில் இருந்தார்கள். பதினெட்டுப் பேருக்கு இரண்டு ஊசியும் முடிந்துவிட்டது. பதினெட்டும் வெற்றி. இசக்கிக்கு மட்டும் நாற்பதாம் நாள் காய்ச்சல். நாள் தள்ளிப் போனதால், இரண்டாம் ஊசி போட எங்கள் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டியிருந்தது. வியாழக்கிழமை காலை ஊசி. கூட்டம் அதற்காகத்தான்.

மகாராஜன் ஒரு தண்ணீர் பாட்டிலை இசக்கியின் முன் வைத்தார். இடது கை பிடித்தது, வலது கை திருகியது, மூடி வந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக் காட்டினாள். ஷூ லேஸைக் கட்டிக் காட்டினாள். ரெபேக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்து வருஷ உழைப்பு. ஹபீப் அவளிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். அவள் கலகலவென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது மேசைக்கு அடியில் என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

சின்ன விரல்கள். கூச்சத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்து விட்டுவிட்டேன். பிடி இறுகியது. நகம் பதிந்தது. இசக்கியின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஹபீப் பக்கம் திரும்பி, தன் சிநேகிதி ஓட்டப்பந்தயத்தில் விழுந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அந்தக் கை என் கையை இழுத்தது. நிறுத்தியது. மறுபடி இழுத்தது. கூட்டத்தில் வழி தவறிய பிள்ளை பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருத்தியின் சேலையைப் பிடித்து இழுக்குமே, அந்த மாதிரி.

குனிந்து, "என்ன கண்ணு?" என்றேன்.

அவள் திரும்பினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "நான் ஒண்ணும் பண்ணலியே ஆச்சி" என்றாள். பிறகு கீழே பார்த்தாள். பழகிப்போன வேலை போல, வலது கையால் இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அது அப்பிடித்தான் பண்ணும். நீங்க கண்டுக்கிடாதிய."

அது என்றாள்.

நிமிர்ந்தபோது கதவோரம் செல்வக்கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாமல் தலையை மட்டும் இடமும் வலமும் அசைத்தாள். சொல்லிவிடாதே என்று அர்த்தம்.

கையெழுத்துப் போட வேண்டிய தாள் என்னிடம் வந்தபோது, நாளைக்குப் போடுகிறேன் என்றேன். குழுவில் இருந்த ஆறு வருஷத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு கையெழுத்துதானே பாக்கியம்மா என்றார் கோமதிநாயகம். தலை வலிக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்து மணிக்கட்டைப் பார்த்தேன். நான்கு பிறை, வரிசையாக.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். இசக்கியின் இடது கையை ஒரு துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. செல்வக்கனி முதலில் மழுப்பினாள். நான் என் மணிக்கட்டைக் காட்டினேன். பிறகு சொன்னாள்.

முதல் ஊசி போட்டு இரண்டு வாரத்தில் ஆரம்பித்ததாம். வலது கை போட்ட பொத்தானை இடது கை கழற்றுமாம். சோதனை அறைக்குப் போகும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விடாதாம். தலை வாரிவிடும்போது அம்மாவின் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருக்குமாம். என்ன பிள்ளே என்று கேட்டால், நான் இல்லம்மா, அதுதான் என்பாளாம். ஊரில் ஒருத்தி கேள்விப்பட்டு, இது ஆஸ்பத்திரிக் காரியம் இல்லை, அம்மன் கோவிலுக்குக் கூட்டிப் போ என்றிருக்கிறாள். செல்வக்கனி துண்டை எடுத்துக் கட்டிவிட்டாள்.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ரெண்டாவது ஊசிய நிறுத்திருவாவல்லா. பத்து வருசமா இவ கையப் பாத்துச் சிரிக்காத ஆளு கிடையாதும்மா. பள்ளிக்கூடத்துல இவளுக்குப் பேரே பொம்மலாட்டம். இப்பதான் ரெண்டு கையும் ரெண்டா ஆயிருக்கு. அதுல ஒண்ணு சொன்னபடி கேக்கலன்னா என்ன? நான் கட்டிப் போட்டுக்கிடுதேன்."

நான் எதையும் வரிசையாகச் செய்து பழகியவள். பையிலிருந்து நான்கு அட்டைகளை எடுத்தேன். ஒன்றில் சிரிக்கிற முகம் வரைந்தேன், ஒன்றில் அழுகிற முகம், ஒன்றில் சோற்றுத் தட்டு, ஒன்றில் ஊசி. அவற்றைக் கட்டில் பக்கத்து மேசையில் பரப்பிவிட்டுத் துண்டை அவிழ்த்தேன். அவுக்காதிய ஆச்சி, அது சும்மா கெடக்காது என்றாள் இசக்கி. வலது கையால் என் பையின் வாரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"நல்லாருக்கேன்" என்றது வாய்.

இடது கை மெதுவாக மேசைமேல் ஊர்ந்து, அழுகிற முகத்தின்மேல் விரலை வைத்தது.

அட்டைகளை இடம் மாற்றி வைத்துக் கேட்டேன். மறுபடியும் மாற்றிக் கேட்டேன். மூன்று தடவையும் அழுகிற முகம். நான் எங்க ஆச்சி அழுதேன் என்று இசக்கி சிரித்தாள். நாலாவது தடவை அவள் சிரிக்கவில்லை. வலது கை பையை விட்டுவிட்டு வந்து அந்த அட்டையைப் பிடுங்கியது. இடது கை விடவில்லை. ஒரு குழந்தையின் இரண்டு கைகள் ஓர் அட்டைக்காகச் சண்டை போடுவதை நான் பார்த்தேன். அட்டை கிழிந்தது. குழந்தை மூச்சு வாங்க என்னைப் பார்த்தாள். அவளுக்கும் பயம் வந்துவிட்டது.

அவள் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது. இடது கைக்கு அடியில் ஒரு தாளை வைத்து, விரலிடுக்கில் பென்சிலைக் கொடுத்து, மேலே துண்டைப் போட்டு மூடினேன். உனக்கு என்ன வேண்டும், எழுது என்றேன். இசக்கியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. துண்டைப் பார்த்துச் சொன்னேன். எனக்கே கூச்சமாக இருந்தது. துண்டுக்குக் கீழே பென்சில் அசைய ஆரம்பித்தது. இசக்கி பாட்டுக்கு, வார்டில் திரியும் பூனைக்கு ஆஸ்பத்திரி இட்லி பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தாளை எடுத்துப் பார்த்தபோது கிறுக்கலாகத்தான் இருந்தது. சும்மா கிறுக்கி வச்சிருக்கும்மா என்றாள் செல்வக்கனி. ஆனால் முப்பத்தொரு வருஷம் பிறர் கையெழுத்தைப் படித்துப் பிழைத்தவள் நான். கிறுக்கலில் இடைவெளி இருக்காது. இதில் இருந்தது. வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாகப் போயிருந்தது. தாளைக் கொண்டுபோய்க் கைகழுவும் தொட்டியின் மேலிருந்த கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன்.

*அம்மா கட்டாத.*

வலது கை எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் அந்தக் கை இத்தனை வருஷமாகக் காற்றில், கண்ணாடி எழுத்தாக, எழுதிக்கொண்டுதானே இருந்திருக்கிறது. கற்றுக்கொள்ளாமல் எப்படி இருக்கும்?

செல்வக்கனி பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடிக்குள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இது யாரு எழுதுனது?"

"உன் மகதான்."

"எம் மவ அங்க உக்காந்து பேசிக்கிட்டுல்லா இருக்கா."

தாளையும் கிழிந்த அட்டையையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேராகப் பதிவேடுகள் இருக்கும் அறைக்குப் போய்ப் பத்தொன்பது குழந்தைகளின் மதிப்பெண் தாள்களையும் எடுத்துத் தரச் சொன்னேன். எல்லாத் தாளிலும் இடது கைக்கான பத்தியில் ஒரே வாசகம்: அமைதியாக உள்ளது. முழு மதிப்பெண். ஒரு குழந்தையின் இடது கையாவது தனியாக ஒரு காரியம் செய்ததாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மகாராஜனைக் கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல பையன். கல்லூரி முடித்து நேராக இங்கே வந்தவர்.

வலது கை வேலை செய்யும்போது இடது கை அசையாமல் இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அதைத்தான் பார்த்தேன் என்றார். இடது கையைத் தனியாக ஏன் சோதிக்கவில்லை என்றேன்.

"வெளிநாட்டுலேருந்து வந்த படிவத்துல இருபது சோதனை இனம் இருந்திச்சு மேடம். நம்ம தமிழ்ப் படிவத்துல பதினாறுதான். ஒன்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் நான் வர்றதுக்கு முன்னாலயே எடுத்துட்டாங்க."

பழைய வரைவைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒன்பது: இடது கையால் கட்டையை எடுத்துச் சோதிப்பவரிடம் கொடுக்கச் சொல்லவும். பத்து: இடது கையால் படத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லவும். பதினொன்றும் பன்னிரண்டும் அதே மாதிரி. நான்கின் குறுக்கேயும் பென்சிலால் ஒரே நீளக் கோடு. ஓரத்தில் உருண்டை உருண்டையாக, படிக்கச் சிரமமில்லாத கையெழுத்தில் ஒரு குறிப்பு:

*பெரியவர்களிடம் இடது கையால் கொடுக்கச் சொல்வதும் காட்டச் சொல்வதும் நம் பக்கத்தில் மரியாதை ஆகாது. பெற்றோர் மனம் கோணும். நீக்கவும். – பா.*

என் கையெழுத்து. அந்தக் கூட்டம்கூட ஞாபகம் வந்தது. இதுக்குத்தான் பாக்கியம்மா வேணும்ங்கிறது என்று எல்லோரும் மெச்சினார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு காபி குடித்தேன்.

ரெபேக்காவின் அறையில் தாளையும் கிழிந்த அட்டையையும் வரைவையும் வரிசையாக வைத்தேன். அவர் அதிகம் கேட்கவில்லை. இசக்கியின் மூளைப் படத்தைத் திரையில் போட்டார். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் நூல் மாதிரி ஏதோ தெரிந்தது.

"இது பாலம் மேடம். இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் பேச்சுவார்த்தை இது வழியாத்தான். இதுவும் அதே குரலுக்குக் கட்டுப்பட்ட இழைதான். முதல் ஊசியில இதுவும் பிடிய விட்டிருக்கு. மெலிஞ்சிருக்குன்னு பாத்தோம். ஆனா பிள்ளை பேசுது, சிரிக்குது, மார்க்கெல்லாம் முழுசு. ரெண்டாவது ஊசிக்குள்ள தானா சேர்ந்துடும்னு நினைச்சோம்."

"அப்ப அந்தப் பக்கம் இருக்கறது யாரு?"

"அதுவும் இசக்கிதான். பேச்சு இந்தப் பாதியில இருக்கு. அந்தப் பாதிக்கு வாய் கிடையாது. காது இருக்கு, கண்ணு இருக்கு. கை ஒண்ணு இருக்கு."

அந்தக் கையைத்தான் நாங்கள் கட்டிவைத்திருந்தோம்.

இரண்டாம் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பாலமும் இப்போது இருக்கிறபடியே பூட்டிக்கொள்ளும் என்றார். அதைத் திறக்க மருந்து இருக்கிறதா என்றேன். இல்லை என்றார். போடாவிட்டால் பாலம் கூடிவிடும். கண்ணாடிக் கையும் திரும்பிவிடும். கூடிவிட்டால், இத்தனை நாளாகத் தனியாக இருந்த அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்றும் கேட்டேன்.

"தெரியல மேடம். கலந்துடும். அது அதுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல."

மற்ற பதினெட்டுப் பேர் என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை காலை ரெபேக்காவும் நானும் செல்வக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் கேட்டு முடித்ததும் எழுந்து போய் மகளுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்தாள். ஊசி போடாவிட்டால் கை பழையபடி ஆகிவிடும் என்பது இசக்கிக்குப் புரிந்துவிட்டது. அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு ஊசி வேணும்மா. என்னையப் பொம்மலாட்டம்னு சொல்லுவாளுவ. நான் லேஸ் கட்டணும்."

அது பொய் அழுகை இல்லை. அவள் கேட்டதிலும் தப்பில்லை. செல்வக்கனி ஊசிப் படம் போட்ட அட்டையை இடது கையின் முன் வைத்தாள். நீ சொல்லு என்றாள், மகளின் முகத்தைப் பார்க்காமல். இடது கை அட்டையைக் குப்புறக் கவிழ்த்தது. உள்ளங்கையை அதன்மேல் பரப்பி அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தது.

செல்வக்கனி அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"ஊசி வேண்டாம்னு எழுதிக்கிடுங்க. நாளைக்கு இவ என்னைய ஏசுவா. ஏசட்டும். ஏசுறதுக்கு இவளுக்கு வாயாவது இருக்குல்லா."

சம்மதத்தை ரத்து செய்யும் தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். இசக்கிக்கு ஊசி இல்லை என்று ஆயிற்று. ஊசி வேண்டாம் என்று அந்தக் கை சொன்னது சரி. ஊசி இல்லாவிட்டால் தான் தனியாக இருக்க முடியாது என்பது அதற்குத் தெரியுமா? தெரிந்துதான் சொன்னதா? கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு என்னிடம் படம் இல்லை.

பிற்பகல் கோமதிநாயகத்தைப் பார்த்தேன். தில்லியில் இருக்கும் மேற்பார்வை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் வரைவை எடுத்துப் போயிருந்தேன். ஏழு பத்திகள். ஐந்தாவது, நான்கு சோதனை இனங்களை நீக்கியது நான் என்பது. அதை எடுத்துவிடலாமே, குழுவின் முடிவு என்று போட்டால் போதுமே என்றார். வேண்டாம் என்றேன். ஆறாவது, இரண்டு ஊசியும் போட்டுக்கொண்ட பதினெட்டுக் குழந்தைகளின் பெற்றோருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது. அதில் பேனாவை வைத்தார்.

"பாக்கியம்மா, பதினெட்டு வீட்டுலயும் என்ன நடக்கும்னு யோசிச்சீங்களா? மருந்து கிடையாது. திருப்ப வழி கிடையாது. பேய்ன்னு சொல்லிக் கையில சூடு வைப்பாங்க. தெரியாம இருந்தா அந்தப் பிள்ளைங்க வளந்து படிச்சு வேலைக்குப் போயிடும். ஆறாவது பத்திய அடிச்சிடுங்க. மத்தத நானே இன்னைக்கு ஏத்திடுறேன்."

ஆணையத்துக்குப் போகிற எதுவும் கணினி வழியாக, அவருடைய அனுமதியோடுதான் போகும். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது சரியாக இருக்கக்கூடும் என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அந்தப் பதினெட்டு வீடுகளை எனக்குத் தெரியும். விலாசம் சரிபார்த்தவள் நான். புளியங்குடியில் ஒரு தகப்பன், மகன் கிரிக்கெட் பந்து வீசுவதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். அன்று பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. இப்போது மறுபடி பார்த்தேன். பையன் வலது கையால் அழகாக வீசினான். இடது கை டவுசர் பைக்குள் இருந்தது. பையின் வாயைத் தைத்திருந்தார்கள். வீசி முடிக்கிற ஒவ்வொரு தடவையும் துணிக்கு அடியில் ஏதோ புடைத்துப் புடைத்து அடங்கியது. பெற்றோருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை, செல்வக்கனி மாதிரி, தைத்து மூடிவிட்டார்கள்.

தபாலில் போட யார் அனுமதியும் வேண்டாம். வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கையாலேயே எழுத உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. இணைப்பு ஒன்று, கண்ணாடி எழுத்துத் தாள். இணைப்பு இரண்டு, பென்சில் கோடு போட்ட வரைவின் நகல். தலைவர் சொன்னபடி ஆறாவது பத்தியை எழுதவில்லை. ஏழாவதை ஆறாவதாக்கினேன். கையெழுத்துப் போட்டேன்.

கடிதப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, கையெழுத்துக்குக் கீழே, இடது ஓரத்தில், 'நகல்' என்று போட்டு யார் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதுதான் காரியம். அங்கே பெயர் ஏறிவிட்டால் பிறகு யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நகல் என்று எழுதி அடிக்கோடிட்டேன். ஒன்று முதல் பதினெட்டு வரை எண் போட்டேன். பெயர், தெரு, ஊர்.

அந்தப் பதினெட்டு நகல்களிலும் கீழே இரண்டு வரி சேர்த்தேன்: *கோவிலுக்கோ வைத்தியரிடமோ போகுமுன், குழந்தையின் இடது கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். எழுதுவதைக் கண்ணாடியில் காட்டிப் படியுங்கள். அதுவும் உங்கள் பிள்ளைதான்.*

நாளை என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். ரகசியக் காப்பு உறுதிமொழியை மீறியதற்கு வழக்கும் வரலாம். அதெல்லாம் எனக்குப் பெரிய பயமாக இல்லை. யாராவது ஒருவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தால்? அதற்கு என் கடிதம்தானே காரணமாக இருக்கும்? ஒரு தடவை நல்லது என்று நினைத்து ஒரு கோடு போட்டேன். இதுவும் அந்த மாதிரி ஒரு கோடோ என்று நினைத்து நினைத்துப் பேனாவைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். துணிக்கு அடியில் புடைத்து அடங்கியதே, அதை மறக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, இசக்கிக்கு ஊசி குறித்திருந்த அதே நேரத்தில், அஞ்சலகத்தில் நின்றிருந்தேன். ஆள் உட்காருகிற கவுன்ட்டர் இப்போதெல்லாம் ஒன்றுதான். தில்லிக் கடிதத்தை முதலில் ஒட்டிக் கொடுத்தேன். பிறகு பதினெட்டு உறைகளையும் ஒவ்வொன்றாக, உள்ளே தாள் இருக்கிறதா, விலாசம் சரியா என்று பார்த்துப் பசை தடவி ஒட்டினேன். ஒரே மாதிரி உறைகளைப் பார்த்துவிட்டு கவுன்ட்டரில் இருந்தவர் நட்பாகச் சிரித்தார்.

"வீட்டுல விசேஷமாம்மா?"

இல்லை என்றேன். அவர் ஒவ்வொன்றாக எடைபோட்டு, அஞ்சல் வில்லை ஒட்டி, பின்னாலிருந்த பையில் போட்டார். புளியங்குடி உறை கடைசியில் வந்தது. அதன் மூலையை என் விரல் அழுத்திக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கையை எடுங்கம்மா என்றார். எடுத்தேன். உறை பைக்குள் விழுந்தது. அவர் பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார்.